செவலைக்குத் தெரிந்த ஒரே வரி

“பேரு அய்யாறப்பன். வயசு இருபத்தாறு. இருக்கிறது சுங்கை மேரா காப்பகம், கர்ப்ப அறை.”

இந்த மூன்றையும் சொன்னால்தான் சுவரில் பதித்திருந்த அந்தக் கருவி கண் திறக்கும். பச்சை விளக்கு எரியும். அதற்குப் பிறகு எதைப் பேசினாலும், முதலில் சொன்ன வரியோடு சேர்த்து எழுத்தாக்கிக்கொள்ளும். எழுத்து வந்ததும் குரலை அழித்துவிடும். ரகசியம் காக்கிற இடம், அப்படித்தான் விதி.

பேராவூரணிக்குப் பக்கத்திலிருந்து போர்னியோத் தீவின் காட்டுக்குள் துப்புரவு வேலைக்கு வந்தவன் அய்யாறப்பன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த வரியைச் சொல்லித்தான் வேலை அறிக்கையைத் தொடங்குவான். அறையில் தொங்கும் பையின் சூடு இவ்வளவு, நீர்மட்டம் இவ்வளவு, தரை துடைத்தாயிற்று. மாலையில் காப்பகத்து டாக்டர் அவனுக்கென்று ஒதுக்கிக்கொடுத்த ஐந்து நிமிடத்தில், அதே கருவியில், அதே வரியை இன்னொரு முறை சொல்லி வீட்டுக்குக் கடிதம். வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வரக்கூடாது, எந்த அலைபேசியும் இருக்கக்கூடாது என்பதால் அவன் மனைவி தமயந்திக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் எழுத்துத்தான்.

“தமயந்தி, நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க? மோட்டார் கொட்டகைப் பக்கம் செருப்பில்லாம போகாத, பாம்பு கெடக்கும். மாசமா இருக்கிறவ, தண்ணியக் காய்ச்சிக் குடி. குருத்துல வண்டு துளைச்சிருக்கான்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு மரத்தடியில நிக்காத, மட்டை விழும். ஆளை விட்டுப் பாக்கச் சொல்லு. எதையாச்சும் சொல்லிக்கிட்டே இருக்கேன்னு கோவிச்சுக்காத. பதில் போடு. சீக்கிரம் போடு.”

வண்டு என்று அவன் சொன்னது காண்டாமிருக வண்டை. காண்டாமிருகம் என்றாலே ஊரில் அவனுக்குத் தெரிந்தது அந்த வண்டுதான். தென்னங்குருத்தைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். கறுப்பாக, பளபளவென்று, தலையில் ஒற்றைக் கொம்போடு. கம்பியால் குத்தி எடுத்துப் போடுவார்கள். எதற்காக அதற்கு அந்தப் பெயர் என்று அவன் யோசித்ததே இல்லை. டாக்டர் பிரேமளா சொன்ன பிறகுதான் உறைத்தது.

பிரேமளா மலேசியாவின் ஈப்போக்காரர்; அந்த ஊர் வழக்கப்படி பேச்சை ‘லா’ போட்டு முடிப்பார். ஐம்பதைத் தொட்டவர். காப்பகத்தின் தலைமை மருத்துவர். சன்னலுக்கு வெளியே மரத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெரிய பறவையைக் காட்டி ஒருநாள் சொன்னார்.

“அது மூக்கு மேல கொம்பு மாதிரி வளைஞ்சிருக்கு பாத்தியா தம்பி? அதுக்கும் காண்டாமிருக இருவாச்சின்னுதான் பேரு. உங்க ஊரு வண்டுக்கும் அதே பேரு. பேரு வெக்கிறவங்களுக்கு முதல்ல கண்ணுல படுறது கொம்புதான் லா.”

“நெசக் காண்டாமிருகத்துக்கு எத்தன கொம்பு டாக்டர்? ஒண்ணா, ரெண்டா?”

“அது ஜாதியப் பொறுத்தது. மொத்தம் அஞ்சு. இந்தியாவுல ஒண்ணு, ஜாவாவுல ஒண்ணு, அதுக ரெண்டுக்கும் ஒத்தக் கொம்பு. ஆப்பிரிக்காவுல ரெண்டு ஜாதி, ரெண்டுக்கும் ரெட்டைக் கொம்பு. நம்ம சுமத்ரா ஜாதிக்கும் ரெட்டைதான். இருக்கிறதுலயே சின்னது. மேலெல்லாம் செம்பட்ட முடி. லத்தீன்ல அதுக்கு வெச்ச பேருக்கு அர்த்தமே ரெட்டைக்கொம்பு மூக்குன்னுதான்.”

“பொறக்கும்போதே கொம்போடவா பொறக்கும்?”

“கொம்போட பொறந்தா அம்மா வயிறு என்னாவுறது? பேரு முதல்ல வந்துரும். கொம்பு மெதுவாத்தான் வரும்.”

அம்மா என்று ஒன்று இல்லை என்பதுதான் சிக்கல். கடைசி சுமத்ரா காண்டாமிருகம் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதன் காதோரத் தோலிலிருந்து எடுத்து உறையவைத்த துளியிலிருந்துதான் இந்த உயிரை உருவாக்கியிருந்தார்கள். அறையின் நடுவே, வெதுவெதுப்பான நீர் நிரம்பிய சாம்பல் நிறப் பை ஒன்று தொங்கியது. ரத்தம் போகக் குழாய், கழிவு வரக் குழாய். பதினாறு மாதம் அதற்குள் வளரவேண்டும். பையின் இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி. செத்துப்போன கடைசிப் பெண்ணின் சீழ்க்கைச் சத்தத்தை வைத்துக் கணினி செய்த தாய்க்குரல் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஜாதி பாட்டுப் பாடுவதுபோல் சீழ்க்கை அடிக்குமாம். அது உயிரோடு இருந்தபோதே தொடங்கி, அந்தக் குரலைச் செய்து முடிக்க மட்டும் பிரேமளாவுக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

“வயித்துக்குள்ள கேட்ட குரல் பின்னாடிதான் குட்டி போகும்,” என்பார். “அந்தக் குரல் வரும்போது பால் குடிக்கும். அது இல்லைன்னா, நாம எவ்வளவு பாலை வெச்சாலும் செத்துப்போகும்.”

பதினாறாவது மாதம் பை திறந்தது. முப்பது கிலோவில், நனைந்த செம்பட்டை முடியோடு, ஒரு பெண் குட்டி வைக்கோல் மேல் விழுந்தது. கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் வழுவழுப்பாக ஒரு தழும்பு மாதிரி மட்டும் இருந்தது. ஒலிபெருக்கியில் தாய்க்குரல் பாடியது. குட்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் நாள் பால் குடிக்கவில்லை. இரண்டாம் நாளும் குடிக்கவில்லை. பிரேமளா சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், ஒலிபெருக்கியில் சேற்றைப் பூசிப் பார்த்தார். குட்டி சுவரோரம் சுருண்டு கிடந்தது.

மூன்றாம் நாள் காலை அய்யாறப்பன் வாளியோடு உள்ளே வந்தான். வழக்கம்போல் கருவியின் முன்னால் நின்று, “பேரு அய்யாறப்பன். வயசு இருபத்தாறு…” என்று தொடங்கினான்.

குட்டி தலையைத் தூக்கியது. எழுந்தது. கால் நான்கும் நான்கு திசையில் போக, தள்ளாடித் தள்ளாடி வந்து அவன் முழங்காலில் முகத்தை முட்டி நின்றது.

பதினாறு மாதமாக அந்தப் பைக்குள் இருந்தது எதைக் கேட்டு வளர்ந்தது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துபோனது. பிரேமளா பால் புட்டியை அவன் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் விரல் புட்டியை உடனே விடவில்லை.

“பன்னண்டு வருஷம் லா,” என்றார். “கடைசியில அது உன் துடைப்பத்துக்கிட்ட போவுது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணில் சிரிப்பு இல்லை.

அன்றிலிருந்து அய்யாறப்பனுக்குத் துடைப்பம் போய்ப் பராமரிப்பாளர் அட்டை வந்தது. சன்னல் வைத்த தனி அறை வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய பெரிய ஆட்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் தன் பெயரைச் சொல்வதைப் படம் பிடித்தார்கள். நிறத்தைப் பார்த்து அவன் அதற்குச் செவலை என்று பெயர் வைத்தான். ஊரில் மாட்டுக்கு வைக்கிற பெயர். ஆனால் செவலை என்று கூப்பிட்டால் அது காதைக்கூட ஆட்டாது. அந்த வரிக்குத்தான் வரும். அவன் குரலைப் பதிவு செய்து பெட்டியில் போட்டும் பார்த்தார்கள். முதல் தடவை ஓடி வந்து பெட்டியை மோந்து பார்த்தது. ஆள் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. அதன் பிறகு பெட்டியை அது நம்பவே இல்லை.

“ஆளு வேணும்,” என்றார் பிரேமளா. “நீ வேணும்.”

நீ வேணும். இருபத்தாறு வருடத்தில் அப்படி யாரும் அவனிடம் சொன்னதில்லை. உண்மையில் இப்போது இருபத்தேழும் கடந்திருந்தது. ஆனால் வேலை பெர்மிட்டில் இருபத்தாறு என்று இருந்ததால் இருபத்தாறு என்று சொன்னால்தான் கருவி கண் திறக்கும். செவலைக்கும் அப்படித்தான்.

இதற்குள் ஊரில் மகள் பிறந்திருந்தாள். நிறைமதி என்று பெயர் வைத்திருந்தார்கள். குட்டி வந்த செய்தி உலகத்துக்குத் தெரிந்த பிறகு, வீட்டுக்கும் அதைப் பற்றி எழுத அனுமதித்தார்கள். அவன் பக்கம் பக்கமாகச் செவலையைப் பற்றிச் சொன்னான். சேற்றில் புரண்டது, பலா இலைக்கு அடம் பிடித்தது, தூக்கத்தில் சீழ்க்கை அடித்தது. தமயந்தியின் பதில் வந்தது.

“உங்க காண்டாமிருகம் பால் குடிச்சுதான்னு நாலு வரி. உங்க பொண்ணு பால் குடிச்சாளான்னு ஒரு வரி. இங்க குருத்தையெல்லாம் வண்டு தின்னுது, அங்க நீங்க கொம்பு வெச்சத மடியில போட்டுக் கொஞ்சுறீங்க. ஒண்ணு கேக்குறேன், கோவப்படாதீங்க. எனக்குன்னு நீங்க பேசினதையெல்லாம் அது கேட்டுருச்சு. எனக்கு வந்ததெல்லாம் எழுத்து. உங்க குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துக்கிட்டு வருதுங்க. அதுக்கு அப்படி என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

அய்யாறப்பன் அதைப் படித்துச் சிரித்தான். உண்மையில் இன்னும் முளைக்கவில்லை என்று பதில் எழுதினான். அதற்கு அவளிடமிருந்து இரண்டு வாரம் பதில் இல்லை.

குட்டிக்கு இலை வெட்டிக்கொண்டு வருகிறவர் அந்தோணிசூசை. தூத்துக்குடிக்காரர், நாற்பதைத் தாண்டியவர். காட்டு அத்தி, பலா, மா என்று விடியற்காலையில் வெட்டிக் கட்டி, குட்டி உலவும் முற்றத்து வேலிக்கு வெளியே போட்டுவிட்டுப் போவார். வேலிக்கு உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. அவசரமென்றால் வரலாம்; ஆனால் நீல மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் முப்பது எண்ணும்வரை காலணியோடு நின்றுவிட்டுத்தான் வரவேண்டும். காப்பகத்தில் எதை மன்னித்தாலும் அந்த முப்பதை மன்னிக்கமாட்டார்கள். ஒரே ஒரு குட்டி. ஒரு கிருமி போதும்.

“எலேய் அய்யாறு,” என்று வேலிக்கு வெளியே நின்று வம்பிழுப்பார் சூசை. “உம் பேரச் சொன்னா ஊர்ல நாயி கூடத் திரும்பாது. இங்க சவம் காண்டாமிருகம் ஓடி வருது. ஒனக்கு வந்த வாழ்வப் பாருல!”

“பொறாமையாண்ணே?”

“பின்ன இருக்காதால? இலை வெட்டுதது நானு. வாயில வெச்சு ஊட்டி நல்ல பேரு வாங்குதது நீயி.”

அவர் வெளிப்படையாகச் சொன்னதால் அய்யாறப்பனுக்கு அது உறைக்கவில்லை.

செவலைக்கு ஏழு மாதம் ஆனபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி பயம் என்று இரண்டு நாள் அவனைத் தனி அறையில் பூட்டி வைத்துவிட்டார்கள். படுத்துக்கொண்டு அவன் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். என்னைத் தேடும். நான் இல்லாமல் குடிக்காது. அந்த நினைப்பில் கவலை பாதி இருந்தது. மீதிப் பாதி என்ன என்று அவன் தோண்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை விட்டதும் நேராக முற்றத்துக்கு ஓடினான். வேலியை நெருங்கும்போதே கேட்டது.

“பேரு அய்யாறப்பன்… வயசு இருவத்தாறு… இருக்கது சுங்கை மேரா…”

தூத்துக்குடி இழுவையில் அவன் பெயர். சூசை சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். செவலை அவர் கையிலிருந்த புட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. குடித்து முடித்ததும் அவர் முழங்காலில் முகத்தை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தது.

“வந்துட்டியால? இங்க வா, இங்க வா,” என்று சூசை உற்சாகமாகக் கூப்பிட்டார். “மூக்கு மேல தொட்டுப் பாரு. கல்லு மாதிரி இருக்கு. கொம்பு முளைக்குல!”

ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவன் அய்யாறப்பன். முளைத்த கொம்பை முதலில் தொட்டது சூசையின் விரல்.

“நீங்க எதுக்குண்ணே என் பேரச் சொன்னீங்க?”

“உம் பேரச் சொன்னாத்தான வருது சனியன். எம் பேரச் சொல்லிப் பாத்தேன், மூஞ்சத் திருப்பிக்கிட்டு!” சூசை வாய்விட்டுச் சிரித்தார். “என்னல அப்படிப் பாக்க? நீ சொன்னாத்தான் வருமா? ஒனக்கு மட்டும் என்ன கொம்பா இருக்கு?”

அய்யாறப்பனின் கண் சூசையின் காலணிக்குப் போனது. பழுப்புச் சேறு. நீலம் ஒரு சொட்டுகூட இல்லை. திரும்பி மருந்துத் தொட்டியைப் பார்த்தான். அதில் விழுந்த இலைகள் கலையாமல் அப்படியே மிதந்தன.

இரண்டு மணி நேர அறிக்கை சொல்லவேண்டிய நேரம். கருவியின் முன்னால் போய் நின்றான். வரியைச் சொன்னான். பச்சை விளக்கு எரிந்தது. முற்றம் சுத்தம், தண்ணீர் மாற்றியாயிற்று. கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு சொன்னான்:

“இலை வெட்டுறவரு அந்தோணிசூசை இன்னிக்குக் காலையில மருந்துத் தொட்டியில கால் வெக்காம உள்ள வந்தாரு.”

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சொன்னதை அழிக்க அந்தக் கருவியில் வழியும் இல்லை.

மூன்றே நாளில் சூசையை ஊருக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறும்போது, வழியனுப்ப வந்து நின்ற அய்யாறப்பனை அவர் ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான்.

“பலா இலைல காம்பைக் கிள்ளிப் போடுல,” என்றார் சூசை. “காம்போட போட்டா அதுக்குத் தொண்டையில குத்தும்.”

வண்டி போய்விட்டது.

அடுத்த மாதம் அவன் பெர்மிட் முடிகிற தேதி. இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கத் தயார் என்று காப்பகம் சொன்னது. ஒரு நிபந்தனை. வீட்டில் இருப்பவர்களின் சம்மதத்தைக் காணொளியில் நேராகக் கேட்கவேண்டும். அய்யாறப்பன் ஏற்கெனவே மனதுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் போனால் செவலை இன்னொருவர் கையில் பால் குடிக்கும். அதை நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. தமயந்தியை எப்படியாவது சம்மதிக்க வைக்கவேண்டும். அதுதான் அவன் கவலை.

அழைப்பை முற்றத்தின் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெரிய திரையில் போட்டார்கள். கண்ணாடியில் ஒரு சிறு சன்னல் திறந்திருந்தது. அந்தப் பக்கம் செவலை தூரத்துச் சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. பிரேமளாவும் காப்பக அதிகாரி ஒருவரும் ஓரமாக நின்றார்கள்.

திரையில் தமயந்தி வந்தாள். இளைத்திருந்தாள். அவள் பின்னால் ஒரு குட்டிப் பாவாடை.

“நல்லா இருக்கியா?” என்றான்.

“இதுதானா உங்க குரலு?” என்றாள். “நான் கொஞ்சம் கட்டையா இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“நிறைமதி… பாப்பா… இங்க பாரு, அப்பா பேசுறேன்.”

குழந்தை அவன் குரலைக் கேட்டதும் வீறிட்டது. கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டது. அவன் என்னவெல்லாமோ சொல்லிக் கூப்பிட்டான். கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை கூடிக்கொண்டே போனது.

“இருங்க, நான் கூப்பிடுறேன்,” என்றாள் தமயந்தி. “உங்க கடிதாசியத் தெனமும் அவளுக்குப் படிச்சுக் காட்டுவேன். அதச் சொன்னா எங்க இருந்தாலும் வந்துருவா.” தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பழக்கப்பட்ட ராகத்தில் சொன்னாள்:

“பேரு அய்யாறப்பன். வயசு இருபத்தாறு. இருக்கிறது சுங்கை மேரா காப்பகம்…”

அழுகை நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து தத்தித் தத்தி ஓடி வந்த குழந்தை, அம்மா மடியில் விழுந்து, “பேலு! பேலு!” என்று கை தட்டியது.

“அப்பாவுக்கு அவ வெச்ச பேரு,” என்று தமயந்தி சிரித்தாள். சிரித்தவள் அப்படியே நிறுத்தினாள். “ஏங்க, உங்களுக்குப் பின்னாடி…”

அய்யாறப்பன் திரும்பினான். செவலை சேற்றிலிருந்து எழுந்து ஓடி வந்திருந்தது. கண்ணாடிச் சன்னலில் மூக்கை நுழைத்து, வெறும் பெட்டியைப்போல் இல்லாமல் ஆளாகத் திரையில் தெரிந்த தமயந்தியைப் பார்த்து, காது இரண்டையும் முன்னால் நீட்டி நின்றது. அவன் பக்கத்தில்தான் நின்றான். அவனை அது பார்க்கவில்லை. மூக்கு மேல் கட்டைவிரல் நுனியளவு கொம்பு கண்ணாடியில் உரசியது.

இரண்டு பிள்ளைகள். இரண்டும் அவன் பெயரைக் கேட்டு ஓடி வந்தன. இரண்டும் அவனிடம் வரவில்லை.

பிரேமளா மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“தண்ணிக்குள்ள குரல் போகாது, தம்பி,” என்றார். “இன்னார் குரல்னு அடையாளம் தெரியாது. கீச்சுன்னு இருக்கிற என் சீழ்க்கையும் உள்ள போகல. எங்க ஏறுது, எங்க இறங்குது, எங்க நிக்குது, அது மட்டும்தான் போகும். அது உன்னைக் கேக்கல. அந்த வரியக் கேட்டுச்சு. நம்ம பேச்சுல யாரு சொன்னாலும் வரும்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டாக்டர்?”

“தெரிஞ்சுக்கிட்டிருக்கணும். நான் ஒரு தடவை சொல்லிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். வாய் வரல லா.” அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். “நான் செஞ்ச குட்டிக்கிட்ட, உன் பேரச் சொல்லிக்கிட்டு நான் போய் நிக்கணுமா? அந்தப் பொறாமையில எட்டு மாசம் ஒரு சோதனையத் தள்ளிப்போட்டேன். விஞ்ஞானியாம் நான்.” பிறகு அவன் பக்கம் திரும்பினார். “நீ காய்ச்சல்ல கிடந்தியே, அந்த ரெண்டு நாளும் அது பாலே தொடல. மூணாம் நாள் காலையில புட்டி காலியா இருந்துச்சு. எப்படின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. உன் கையைத் தவிர வேற யாரு கையிலயும் அது குடிச்சதில்லையே.”

அய்யாறப்பனுக்குப் புரிந்தது. இரண்டு நாளாகப் பசியில் கத்தின குட்டியின் சத்தத்தை வேலிக்கு வெளியே நின்று ஒருவர் கேட்டிருக்கிறார். முப்பது எண்ண அவருக்குப் பொறுமை இருந்திருக்காது. முதலில் தன் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு, சனியன் என்று திட்டிக்கொண்டே, அடுத்தவன் பெயரைச் சொல்லிப் பாலைக் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லிக் காட்டக்கூட இல்லை.

“சூசை அண்ணன் டாக்டர்,” என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். இலைகள் கலையாமல் மிதந்தது, அவன் கருவி முன்னால் சும்மா நின்ற நேரம், பொய் இல்லாத அந்த ஒரு வாக்கியம். திரையில் தமயந்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் காப்பக அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். மூன்று வருட நீட்டிப்புக்குச் சம்மதமா?

“என்னையா கேக்குறீங்க?” என்றாள் தமயந்தி. “இத்தன நாளா எனக்கு எழுத்தும் அதுக்குக் குரலும் குடுத்தாரு. இனிமே மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. குரலு இங்க வரட்டும்.”

அன்று மாலை பிரேமளா தனியாக வேலிக்குப் போனார். அவன் தூரத்திலிருந்து பார்த்தான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காலை நீலத் தண்ணீரில் வைத்து முப்பது எண்ணிவிட்டு, உள்ளே போய், ஈப்போத் தமிழில், கூச்சத்தோடு, “பேரு அய்யாறப்பன்…” என்று தொடங்கினார். செவலை வந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்த அந்த அம்மாள் அதன் செம்பட்டைக் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினார். அய்யாறப்பனுக்கு அப்போதும் எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

நீட்டிப்பு வேண்டாம், ஊருக்குப் போகிறேன், தன் இடத்துக்குச் சூசையை அழைக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். தப்பு தன்னுடையது என்றும் எழுதினான். மேலே என்ன முடிவு எடுப்பார்கள் என்று தெரியாது என்றார் பிரேமளா. ஆனால் சூசைக்கு அனுப்பிய கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது.

“எலேய், போட்டும் குடுத்துட்டு வான்னும் கூப்பிடுதியால? வந்தா தெனமும் உம் பேரச் சொல்லித்தான் நான் பொழைக்கணும். நல்லா இருக்குல ஞாயம். சரி, கூப்பிட்டா வாரேன். காம்பைக் கிள்ளுதியா இல்லியா?”

கிளம்புகிற நாள் காலை, அய்யாறப்பன் கடைசியாகக் கருவியின் முன்னால் நின்றான். இந்தத் தடவை வேலை அறிக்கை இல்லை. வேலிப் பலகையில் ஒட்டுவதற்கான அறிவிப்பு. வெளியே செவலை காதை நீட்டி நின்றது. அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினான். எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

“பேரு அய்யாறப்பன். வயசு இருபத்தாறு. இருக்கிறது சுங்கை மேரா காப்பகம், கர்ப்ப அறை.

இதப் படிக்கிறவங்களுக்கு. இந்தக் குட்டிக்கு வேற பேச்சு தெரியாது. நீங்க யாரா இருந்தாலும் சரி, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வேலிக்கிட்ட நின்னு மேல இருக்கிற வரியச் சத்தமாச் சொல்லுங்க. வயசு எனக்கு ஏறிருச்சு, நீங்க ஏத்தாதீங்க, இருபத்தாறுன்னே சொல்லுங்க. அது வரும். காம்பு கிள்ளின பலா இலை குடுங்க. உள்ள போறதா இருந்தா, முப்பது எண்ணிட்டுப் போங்க.”